குறுக்கே வைத்தால் என்ன? மலைச்சரிவில் ஒரு பட்டை வில்லின் கணக்கு

மாட்டு வண்டியின் அச்சுக்கும் மேல்தட்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்தபோது தமிழ் அந்த வண்டிக்குத் தனிப் பெயரே கொடுத்தது: வில் வண்டி. பார வண்டியில் நெல் மூட்டை போகும். வில் வண்டியில் பண்ணையார் போவார். வில் சொகுசுக்கு அடையாளம், அதனாலேயே அந்தஸ்துக்கும் அடையாளம். 1893இல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அய்யன்காளி பொதுச்சாலையில் வில் வண்டி ஓட்டிச் சென்றது போராட்டமாகவே ஆனது. அந்த வண்டியும் அந்தச் சாலையும் யாருக்கு உரியவை என்று ஊர் முன்பே முடிவுகட்டி வைத்திருந்தது. பெயரும் வரலாறும் சேர்ந்து நம் மனத்தில் ஓர் எண்ணத்தை ஊன்றிவிட்டன: வண்டிக்கு வில் எதற்கு? குலுக்காமல் இருப்பதற்கு. இந்த விடை பாதிதான் சரி. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் மலேசியாவின் பகாங் மாநிலத்துக்குப் போக வேண்டும். அங்கே கேமரன் மலையின் செம்மண் பாதைகளில் இன்றும் ஏறி இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களின் அடிவயிற்றைக் குனிந்து பார்க்க வேண்டும்.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் இது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் காடாகவே கிடந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை முடிந்தது. 1933இல் பாரத் தோட்டம் பிறந்தது. கொழுந்து பறிக்க வந்த முதல் தலைமுறையில் பெரும்பகுதியினர் தமிழர்கள். மக்கள் வாழும் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரைத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. தார்ச்சாலை ஊர்களை இணைக்கிறது. தோட்டத்துக்குள் நுழைந்ததும் வழுக்கும் களிமண்ணும் நீர் அரித்த பள்ளமும்தான் பாதை. கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோ தூளுக்கு நான்கைந்து கிலோ கொழுந்து வேண்டும். பறித்த இலை கசங்காமல், குவியலில் சூடேறாமல், அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த வேலைக்கும், பக்கத்துச் சரிவுகளின் காய்கறிச் சுமைக்கும் இந்த மலை தேர்ந்தெடுத்த வண்டி லேண்ட் ரோவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு தொடங்கி 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில் பிரிட்டிஷ் படைகளோடு இந்த நாட்டின் பாதைகளுக்குப் பழகிப்போனது. பிறந்த நாட்டில் அது சேகரிப்பாளர்களின் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. கேமரன் மலையில் இன்னும் கோசு மூட்டை சுமக்கிறது.

அந்த வண்டியின் அடியில் தெரிவது எளிய ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே, வண்டியின் நீளவாக்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். பட்டறையில் இதற்குப் பட்டை என்றே பெயர். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் கண்ணாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒரு கண் சட்டத்தில் நேராக மாட்டியிருக்கும். மற்றொன்று ஷேக்கிள் என்னும் ஆடும் கொக்கியில் தொங்கும். வளைந்த பட்டை சுமையில் நிமிரும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் தருவதே ஷேக்கிளின் வேலை. நடுவில் யு போல்ட்டுகள் அடுக்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கின்றன. அவ்வளவுதான். அச்சை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கத் தனித் தண்டுகள் இல்லை. பக்கவாட்டில் தடுக்கத் தனிக் கம்பி இல்லை. இந்த இல்லாமைதான் கவனிக்க வேண்டியது. பட்டை வில்லை மதிப்பிடுகிறவர்கள் அதன் மென்மையை மட்டும் அளக்கிறார்கள். அதன் உண்மையான மதிப்பு அது அச்சைப் பிடித்து வைத்திருப்பதில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு: பட்டையை மனத்துக்குள் கழற்றி, குறுக்கே திருப்பி மாட்டிப் பார்ப்பது. அமெரிக்காவில் ஹாட் ராட் எனப்படும் பழைய ஃபோர்டு கார்களில் அது அப்படித்தான் இருக்கிறது.

திருப்புவதற்கு முன், பட்டைகளை ஏன் அடுக்குகிறோம் என்பதைப் பார்த்துவிடலாம். ஒரு சட்டம் வளைய மறுக்கும் விறைப்பு அதன் அகலத்தோடு நேராகவும் தடிமனின் மும்மடியோடும் ஏறுகிறது. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுப் பட்டைகளைப் பற்றவைத்து 48 மில்லிமீட்டர் கட்டையாக்கினால் கிடைக்கும் விறைப்பு, அதே எட்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும்படி தளர்வாகக் கிடக்கும்போது உள்ளதைவிட 64 மடங்கு. எஃகின் அளவு ஒன்றே. ஒட்டியிருக்கிறதா, வழுக்குகிறதா என்பதுதான் வேறுபாடு. அதோடு, ஒரே அளவு வளைக்கும்போது பட்டைக்குள் எழும் தகைவு தடிமனைப் பொறுத்தது. மெல்லிய பட்டை நிறைய வளைந்தும் முறியாது. தடித்த கட்டை சிறிது வளைந்தாலே விரிசல் விடும். எனவே நிறைய வளையவும் வேண்டும், நிறையச் சுமக்கவும் வேண்டும் என்றால் மெல்லிய பட்டைகளைப் பலவாக அடுக்குவதே வழி. மேலிருந்து கீழாகப் பட்டைகள் குறுகிக்கொண்டே போவதற்கும் காரணம் உண்டு. சுமையின் வளைப்பு நடுவில் அதிகம், முனைகளில் இல்லை. எஃகும் நடுவில் நிறையவும் முனையில் குறைவாகவும் இருந்தால் ஒவ்வோர் அங்குலமும் ஏறக்குறைய ஒரே அளவு உழைக்கும். கொல்லர் பட்டறையில் அனுபவமாகப் பிறந்த இந்த வடிவத்தைப் பிறகு வந்த பொறியியல் பாடப்புத்தகம் சமவலிமைச் சட்டம் என்று பெயரிட்டு உறுதிப்படுத்தியது.

இனி அந்தப் பட்டை செய்யும் மற்ற வேலைகள். லேண்ட் ரோவரின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை சுமார் 168 நியூட்டன் மீட்டர். மலையேறுவதற்கான தாழ்ந்த பல்லிணையில், முதல் கியரில், அது 40 மடங்குக்குக் குறையாமல் பெருகிச் சக்கரங்களுக்கு வருகிறது. இழப்பை ஒதுக்கினால் 6,700 நியூட்டன் மீட்டர். இரண்டு அச்சுகளும் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 3,350. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே அளவு விசை அச்சின் கூட்டைப் பின்னோக்கிப் புரட்டப் பார்க்கும். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்பது இங்கே ஏட்டுச் சுரைக்காய் அன்று. புரளவிடாமல் தடுப்பது எது? இரு பக்கப் பட்டைகள். ஒரு பட்டை 1.2 மீட்டர் நீளம் என்று கொண்டால், அதன் ஒரு கண்ணில் சுமார் 140 கிலோ எடைக்குச் சமமான விசை மேலேயும் மறு கண்ணில் அதே அளவு கீழேயும் இயங்கி அச்சை நிலைநிறுத்துகிறது. அந்த நேரத்தில் பட்டை கிடைமட்ட எஸ் எழுத்துப்போல் நெளிகிறது. சக்கரம் மண்ணை உதைத்துப் பெறும் உந்துதலும் பட்டையின் நிலையான கண் வழியாகத்தான் சட்டத்துக்கு ஏறுகிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் இதே கணக்கு தலைகீழாகத் திரும்பும்.

பக்கவாட்டுக் கணக்கு இன்னும் சுவையானது. சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும் பாதையில் வண்டி ஒருபுறம் 15 பாகை சாய்ந்து நின்றால், இரண்டு டன் எடையில் சுமார் 500 கிலோ வண்டியைப் பள்ளத்தாக்கின் பக்கம் இழுக்கும். சக்கரம் மண்ணைப் பிடித்திருக்கிறது. வண்டியின் உடல் நழுவப் பார்க்கிறது. இரண்டையும் கட்டி வைப்பதும் அதே பட்டைகள்தாம். 60 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு பட்டையை மேலும் கீழும் வளைப்பதைவிடப் பக்கவாட்டில் வளைப்பது நூறு மடங்கு கடினம். அகலத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தின் இருமடி அது. பனை ஓலையைத் தட்டையாகப் பிடித்து ஆட்டினால் வளையும். விளிம்புவாக்கில் வளைக்க முயன்றால் மடங்காது. ஆக ஒரே இரும்பு ஒரு திசையில் இளகியும் மற்றத் திசைகளில் இறுகியும் நிற்கிறது. சுமை தாங்குதல், உந்துதலைக் கடத்துதல், புரட்டலைத் தடுத்தல், பக்கவாட்டில் பிடித்தல் என்று நான்கு வேலைகள். இவை போக ஐந்தாவதாக ஒன்று: பட்டைகள் உரசும்போது குலுக்கத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகிப் போவதால், ஷாக் அப்சார்பரின் வேலையிலும் கொஞ்சத்தை இது பங்கிட்டுக்கொள்கிறது.

இப்போது பட்டையைக் குறுக்கே திருப்புவோம். ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டியில் அதைத்தான் செய்தார். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டே வில். நடுப்பகுதி சட்டத்தின் குறுக்குச் சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கும், இரு முனைகளும் சக்கரங்களுக்கு அருகே அச்சில் தொங்கும். நான்கு வில்லுக்குப் பதில் இரண்டு என்றால் எடை குறைவு, விலை குறைவு. 1948ஆம் ஆண்டு மாதிரி வரை ஃபோர்டு கார்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. 1930களில் கலிஃபோர்னியாவின் மியூரொக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி, எஞ்சினை மாற்றி வேகப் போட்டி நடத்திய இளைஞர்களின் கார்களே பின்னாளில் ஹாட் ராட் என்று பெயர் பெற்றன. இன்றும் ஹாட் ராட் கட்டுகிறவர்கள் பின்னச்சுக்கு மேலே குறுக்கு வில்லை வைக்க விரும்புவதற்குத் தோற்றம் மட்டும் காரணமில்லை. பழைய சட்டத்தின் குறுக்குச் சட்டம் அந்த வில்லுக்காகவே வளைக்கப்பட்டது. ஒரே இடத்தில் இறுக்கினால் வேலை முடிந்தது போலத் தோன்றும். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

நீளவாக்கில் கிடந்தபோது பட்டை சும்மா செய்துகொண்டிருந்த நான்கு வேலைகளில் மூன்று இப்போது கைவிடப்பட்டுவிட்டன. குறுக்கு வில்லால் அச்சை முன்பின்னாகப் பிடிக்க முடியாது; முனைகள் தொங்குவதோ ஆடும் ஷேக்கிள்களில். அச்சு புரளாமலும் தடுக்க முடியாது. ஃபோர்டு இதை அறிந்தே செய்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் தண்டை ஒரு தடித்த குழாய்க்குள் வைத்து, குழாயை அச்சோடு இறுக்கி, அதன் முன்முனையைக் கியர்பெட்டியின் பின்னால் ஒரு பந்து மூட்டில் பொருத்தினார். அச்சின் இரு முனைகளிலிருந்தும் சாய்வாக வரும் இரண்டு கம்பிகள் அந்தக் குழாயில் போய்ச் சேர்ந்தன. புரட்டலையும் உந்துதலையும் அந்த முக்கோணம் ஏற்றுக்கொண்டது. வில்லுக்குச் சுமை தாங்கும் வேலை மட்டும் மிஞ்சியது. ஹாட் ராட்காரர் புதிய எஞ்சினும் புதிய கியர்பெட்டியும் வைக்கும்போது அந்தக் குழாயை வெட்டி எறிந்து, திறந்த தண்டைப் போடுகிறார். தண்டோடு சேர்த்து, அச்சைப் பிடித்திருந்த கையையும் வெட்டிவிட்டார் என்பதே கணக்கு. அதை ஈடுகட்ட, அச்சிலிருந்து முன்னோக்கிப் போகும் வலுவான தண்டுகளை அவரே செய்து பொருத்த வேண்டும். அவற்றை இரு பக்கச் சட்டங்களிலும் தனித்தனியாக மாட்டினால் இன்னொரு சிக்கல் வரும். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அச்சுக்கூடு முறுக்கிக்கொள்ள நேரும்; வலுவான அந்தக் கூடு முறுக்காது; எனவே மூட்டுகளோ பற்றுகளோ விரிசல் விடும். தண்டுகளின் முன்முனைகள் வண்டியின் நடுக்கோட்டை நோக்கிக் குவிய வேண்டும். பழைய முக்கோணம் சொன்ன பாடமும் இதுதான்.

பக்கவாட்டில் நிலைமை மேலும் நுட்பமானது. நீளவாக்கு வில்லில் ஒரு முனைக்குத்தான் ஷேக்கிள். குறுக்கு வில்லில் இரு முனைக்கும் வேண்டும். அதனால் வண்டியின் உடல் ஊஞ்சல்போல இடமும் வலமும் சற்றே ஆடும். இதைக் கட்டுப்படுத்துவது ஷேக்கிளின் சாய்வு. அச்சில் உள்ள தாங்கிகளுக்கிடையே உள்ள தூரம், சுமையேறிய நிலையில் வில்லின் கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்போது ஷேக்கிள்கள் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்து, வில்லை இரு பக்கமும் இழுத்து நடுவில் நிறுத்தும். அளவு தவறி ஷேக்கிள் செங்குத்தாகத் தொங்கினால் வண்டி அலையும். படுத்துவிட்டால் வில் நீள்வதற்கு இடமின்றி விறைத்துக்கொள்ளும். வில்லை வாங்கும்போது வெறுமையாக அளந்து முடிவெடுப்பவர் இங்கேதான் ஏமாறுகிறார். வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகே உண்மையான நீளம் தெரியும். இவ்வளவு செய்தும் வேகமான திருப்பத்தில் அலைச்சல் மிஞ்சினால், அச்சின் ஒரு முனையையும் சட்டத்தின் எதிர்ப்பக்கத்தையும் இணைக்கும் பேன்ஹார்ட் கம்பி வேண்டும். ஹாட் ராடின் எடை பழைய காரைவிடக் குறைவு என்பதால் இரண்டு மூன்று பட்டைகளை உருவி வில்லை இளக்குவதும் வழக்கம். உருவலாம், ஆனால் மிஞ்சிய பட்டைகள் ஒவ்வொன்றின் மீதும் சுமை ஏறும் என்பதை மறக்கக் கூடாது. ஆக, இரண்டு வில்லை ஒன்றாகக் குறைத்தவர் கடைசியில் இரண்டு தண்டும், ஒரு கம்பியும், அவற்றுக்கான பற்றுகளும் மூட்டுகளும் சேர்த்திருக்கிறார். வில் செலவைக் குறைத்தது, வேலை குறையவில்லை.

குறுக்கு வில்லுக்கு ஆதாயமே இல்லையா என்றால், உண்டு. திருப்பத்தில் வண்டி சாய்வதை வில்கள் எவ்வளவு எதிர்க்கின்றன என்பது அவை எவ்வளவு அகலத்தில் நிற்கின்றன என்பதன் இருமடியைப் பொறுத்தது. நீளவாக்குப் பட்டைகள் சட்டத்துக்கு அடியில், சக்கரங்களுக்கு உள்ளே தள்ளி நிற்கின்றன. அவற்றின் இடைவெளி சக்கர இடைவெளியில் 60 விழுக்காடு என்று வைத்தால், அதே விறைப்புள்ள வில்கள் சக்கரத்தின் மேலேயே நின்றிருந்தால் தந்திருக்கும் எதிர்ப்பில் 36 விழுக்காடுதான் கிடைக்கும். குறுக்கு வில்லின் முனைகளோ சக்கரத்தை ஒட்டி வருகின்றன. எனவே சமதரைத் திருப்பத்தில் அது நிமிர்ந்து நிற்கும். தேயிலைச் சரிவில் இந்த ஆதாயமே நட்டம். அங்கே இடச்சக்கரம் மழை அரித்த ஓடையிலும் வலச்சக்கரம் வேர் மேட்டிலும் இருக்கும். அச்சு தாராளமாகச் சாய வேண்டும். சாயாவிட்டால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கிச் சும்மா சுழலும், வண்டி நின்றுவிடும். உள்ளே தள்ளி நிற்கும் பட்டைகளின் பலவீனம்தான் அச்சுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது. ஒரே எண் ஏரிப் படுகையில் குறையாகவும் கேமரன் மலையில் நிறையாகவும் நிற்கிறது.

குறுக்கு வில்லின் கதை தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் வழிவந்தது. அதன் பின்புறம் ஒரு குறுக்குப் பட்டை வில். டிஃபரன்ஷியலின் தலையில் இறுக்கப்பட்டு, இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சுகளின் முனைகளைத் தாங்கியது. முன்பின் பிடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் தனித் தண்டு இருந்தது. மேலே சொன்ன கணக்கு இங்கும் பொருந்தும். வேகமான திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்ளே மடங்கி, பின்புறத்தைத் தூக்கிவிடும் குணம் இந்த ஆடும் அச்சுக்கு உண்டு. வில் விறைப்பாகச் சாய்வை எதிர்க்க எதிர்க்க இந்தக் குணமும் கூடும். டிரையம்ஃப் இதற்குக் கண்ட தீர்வு அழகானது. 1970இல் வந்த ஸ்பிட்ஃபயரின் நான்காம் மாதிரியில், அடுக்கின் ஒரு பட்டையை மட்டும் இறுக்கி, மற்றவற்றை நடுவில் தராசுக்கோல் போல ஆடவிட்டார்கள். சுமை தாங்கும் வலு குறையவில்லை. சாய்வை எதிர்க்கும் வலு மட்டும் குறைந்தது. சென்னை வேறு வழியில் போனது. 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் ஆடும் அச்சைக் கைவிட்டு முழு அச்சுக்கு மாறியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். குறுக்கு வில் இவ்வளவு தொல்லை என்றால், செவர்லே கார்வெட் போன்ற விளையாட்டுக் கார் 1963 முதல் 2019 வரை அதைப் பின்புறத்தில் ஏன் வைத்திருந்தது? 1981இல் எஃகுப் பட்டைகளுக்குப் பதிலாகக் கண்ணாடியிழைக் கலவையில் ஒற்றைப் பட்டையாகவே வார்த்து, எடையை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தார்களே? இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. கார்வெட்டில் ஒவ்வொரு சக்கரத்தையும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிடிப்பவை தனித்தனித் தண்டுகள். டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருப்பதால் புரட்டலையும் சட்டமே வாங்கிக்கொள்கிறது. வில்லுக்கு அங்கே ஒரே வேலை. ஒரே வேலை மட்டும் செய்யும் வில்லைக் குறுக்கே படுக்க வைத்தால் உயரம் மிச்சம், எடை மிச்சம். கண்ணாடியிழை எஃகைவிட எளிதில் வளைவதும் எடை குறைந்ததும் ஆகையால், ஒரு கிலோவில் எஃகைவிட அதிக ஆற்றலைத் தேக்கும். ஆனால் அதையே நீளவாக்கில் வைத்து அச்சையும் பிடி என்று சொன்னால், கண்ணைச் சுருட்டுவதே பெரும்பாடாகிவிடும். குறுக்கா நெடுக்கா என்பதைவிட, வில்லிடம் எத்தனை வேலை கேட்கிறோம் என்பதே முதற்கேள்வி.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. லேண்ட் ரோவர் நிறுவனமே 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும் 1983இல் ஒன் டென்னுக்கும் சுருள்வில் வைத்தது. சுருள்வில்லில் சக்கரம் அதிகத் தூரம் ஏறி இறங்குகிறது, பயணமும் இதமாக இருக்கிறது. அப்படியானால் பட்டை வில் காலாவதியானது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் அல்லவா? சவாரி இதம் என்ற அளவுகோலில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தின் முழு ரசீதையும் பார்க்க வேண்டும். சுருள்வில் வந்ததும் முன்னச்சுக்கு இரண்டு தண்டும் ஒரு பேன்ஹார்ட் கம்பியும், பின்னச்சுக்கு இரண்டு தண்டும் நடுவில் பந்து மூட்டோடு ஆங்கில ஏ எழுத்து வடிவச் சட்டமும் தேவைப்பட்டன. ஒவ்வொன்றின் முனையிலும் ரப்பர் புஷ். பட்டை செய்த நான்கு வேலைகளும் ஒழிந்துபோகவில்லை, பிரித்துக் கொடுக்கப்பட்டன. வேலைகளைப் பிரித்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியே செம்மைப்படுத்தலாம் என்பது உண்மையான முன்னேற்றம். அதற்கு விலையாகத் தேயும் மூட்டுகள் பெருகுகின்றன. சேறும் மழையும் தினமும் புகும் இடத்தில் அந்த விலை சிறியதில்லை.

மூன்றாவது மறுப்பு பொருளாதாரம். பழைய லேண்ட் ரோவர்கள் இந்த மலையில் தங்கியதற்குப் பொறியியல் காரணமில்லை, புது வண்டி வாங்கப் பணமில்லாததே காரணம் என்று சொல்லலாம். அதில் உண்மை உண்டு. துருவேறாத அலுமினியக் கலவை உடலும் அவற்றின் ஆயுளை நீட்டியது. ஆனால் மலிவாகப் பழுதுபார்க்க முடிவது வானத்திலிருந்து விழும் தற்செயல் இல்லை. அது வடிவமைப்பிலேயே இருக்கும் குணம். அடுக்கில் நடுப்பட்டை ஒன்று முறிந்தால் வண்டி ஒரு பக்கம் தணியும், ஆனாலும் ஊர் வந்து சேரும். முறிந்ததை மட்டும் கழற்றி, அதே அகலத்தில் வேறு பட்டையை வெட்டிச் சேர்க்க உலையும் சம்மட்டியும் போதும். சுமை கூடினால் இன்னொரு பட்டை சேர்க்கலாம். சுருள்வில் முறிந்தால் முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. இதற்கு எல்லையும் உண்டு. மெயின் பட்டை கண்ணருகே முறிந்தால் அச்சே இடம் பெயரும். சரிவில் அது உயிருக்கு ஆபத்து. வேலைகள் அனைத்தையும் ஒரே உறுப்பிடம் ஒப்படைப்பதன் இருண்ட பக்கம் அது. இரண்டாம் பட்டையின் முனையையும் கண்ணைச் சுற்றி மடித்துவிடும் வழக்கம் இதற்காகவே வந்தது.

மிச்சமிருப்பது உராய்வும் துருவும். பட்டைகளுக்கு நடுவே நீர் புகுந்து துருவேறினால் அவை வழுக்க மறுக்கும். தளர்வான அடுக்கு ஒட்டிய கட்டையை நோக்கி நகரும். முன்பு பார்த்த 64 மடங்குக் கணக்கு அந்தப் பக்கம் சாயும். பழைய வண்டி சிறு கல்லுக்கெல்லாம் தூக்கிப்போடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். பழி வடிவமைப்பின் மேல் விழுகிறது, குற்றம் பராமரிப்பினுடையது. பாராபோலிக் பட்டைகள் இதற்கு விடை. முனை நோக்கி மெலியும்படி உருட்டிய இரண்டு மூன்று பட்டைகளை, நடுவிலும் முனையிலும் மட்டும் தொடும்படி வைப்பது அந்த முறை. உராய்வு போய் இதம் கூடும். ஆனால் உராய்வு செய்துவந்த ஐந்தாம் வேலையை நல்ல ஷாக் அப்சார்பர் ஏற்க வேண்டும். வேலை மீண்டும் கைமாறுகிறது, காணாமல் போவதில்லை.

ஆகவே யாராவது தோட்டத்து வண்டிக்குக் குறுக்கு வில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம் என்பதே விடை. அச்சைப் பிடிக்க, புரளாமல் தடுக்க, பக்கத்தில் நிறுத்த வேறு மூன்று உறுப்புகளை வாங்கிய பிறகு. ஏரிப் படுகையில் அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. சேற்றுச் சரிவில் இல்லை. இந்த உண்மை வில் வண்டியிலேயே ஒளிந்திருந்தது. காளைகளின் நுகத்தடியிலிருந்து வரும் ஏர்க்கால் வண்டியின் மேல்தட்டோடுதான் சேர்ந்திருந்தது. சக்கரங்கள் கோத்த அச்சோ வில்லின் அடியில். மாடு இழுத்த இழுப்பு முழுவதும் வில்லின் வழியாகவே சக்கரத்துக்குப் போனது. மேலே உட்கார்ந்திருந்தவருக்கு வில்லின் மென்மை மட்டும் தெரிந்தது. அதன் மறுபாதியைச் சோதித்துப் பார்த்தவை காளைகள்.